மரியாயி மீட்ட நாலு ராத்தல்

எனக்கு ஏழு மாதம் ஆகியிருந்தபோது என் எடை பதினொரு ராத்தல் என்று எழுதி வைத்தார்கள். பச்சைப் பொய்! நான் பதினைந்து ராத்தல். என்னைத் தூக்கி இடுப்புப் பிடித்துக்கொண்டவர்கள் இரண்டு பேர் இன்னும் எங்கள் லயத்து வீட்டு வரிசையில் இருக்கிறார்கள், சந்தேகம் இருந்தால் போய்க் கேளுங்கள். அந்தப் பொய்யை நாலு பேர் பார்க்கப் போட்டு உடைத்தவள் மரியாயி. அவளைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

மரியாயி, எல்கடுவைக்கு மேலே செம்பகமலைத் தேயிலைத் தோட்டத்தில் பிள்ளைக்காம்பராவின் ஆயா. அம்மாமார் கொழுந்து பறிக்க மலை ஏறும்போது கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற இடம் அது. அவளும் ஒரு காலத்தில் கொழுந்து பறித்தவள்தான். முப்பது வயதில் சரிவில் வழுக்கி விழுந்து வலது கால் வளைந்துபோனது. மலை ஏற முடியாதவளுக்கு வேறு என்ன வேலை கொடுப்பது என்று யோசித்து இதைக் கொடுத்தார்கள். புருஷன் செத்துப் பல வருஷம், பிள்ளையும் இல்லை. வேலை இருந்தால்தான் லயத்தில் குடியிருக்க ஒரு காம்பரா. வேலை போனால் சட்டி பானையோடு ரோட்டுக்குப் போக வேண்டியதுதான். இது தெரிந்தும் மனுஷி எப்போது பார்த்தாலும் சிரித்துக்கொண்டே இருப்பாள். அவள் சிரிக்க ஆரம்பித்தால் இருபத்தெட்டுக் குழந்தைகளும் காரணம் தெரியாமல் கூடவே சிரிக்குமாம்.

நான் சொல்வது ஐம்பத்து நாலாம் வருஷத்துக் கதை. இலங்கைக்குச் சுதந்திரம் வந்து ஆறு வருஷமாகியும் மலை உச்சியில் வெள்ளைக்காரத் துரைமாருடைய கிளப்பு மட்டும் அப்படியே இருந்தது. துரைமார் டென்னிஸ் ஆடினார்கள், விஸ்கி குடித்தார்கள். துரைசானிமாருக்குப் பொழுது போக வேண்டாமா? அவர்கள் தர்மம் செய்தார்கள். நல்ல மனசோடுதான் செய்தார்கள், அதில் நான் குறை சொல்ல மாட்டேன். கிறிஸ்மஸுக்குப் பிள்ளைகளுக்குக் கேக், மழைக்குக் கம்பளி, வருஷத்தில் ஒரு நாள் பழைய துணி விற்பனை. ஒரு தடவை தேயிலைச் செடி வெட்டுகிற எங்கள் கவாத்துக்காரர் ஒருவர் துரைசானியின் இரவுக் கவுனைப் பெரிய கோட்டு என்று நினைத்து வாங்கி, மறுநாள் வேலைக்கு ஆள் கூடுகிற காலைப் பிரட்டில் அதை மாட்டிக்கொண்டு வந்து நெஞ்சை நிமிர்த்தி நின்றிருக்கிறார். தனக்குப் பதவி உயர்வு கொடுக்காத கங்காணியை அன்று அவர் மதிக்கவே இல்லையாம்.

அந்த வருஷம் பெரிய துரையின் மனைவி வில்மட் துரைசானி கிளப்பில் ஒரு புதுத் திட்டம் போட்டார். தோட்டத்துக் குழந்தைகளை எல்லாம் டென்னிஸ் புல்தரைக்குக் கொண்டுவந்து நிறுக்க வேண்டும். கொழுகொழு குழந்தைக்குப் பரிசு. துரைசானிக்கும் ஏழு மாதத்தில் ஒரு மகன் இருந்தான். வாரா வாரம் அவன் எடையைப் பார்த்து பங்களாச் சுவரில் குறித்து வைப்பது தோட்டம் முழுக்கத் தெரியும். பால்மா டின்னும் கம்பளியும் மாத்தளை டவுனிலிருந்து வந்து இறங்கின. கொண்டுவந்தவர் துணிக்கடை ஜமால்தீன் முதலாளி. கேக் வாசனை பிடித்ததும் மனுஷர் திரும்பிப் போகாமல் அங்கேயே நின்றுகொண்டார்.

இப்போது எங்கள் அம்மாமாரைப் பாருங்கள். பிள்ளை குண்டு என்று ஊர் நடுவில் வைத்து ஒருவர் சொல்லுவதா? கண்ணூறு பட்டால் யார் பொறுப்பு? ஆனால் துரைசானி கூப்பிட்டுப் போகாமல் இருக்கவும் முடியாது. ஆகவே இருபத்தெட்டு அம்மாமாரும் ஒரே முடிவுக்கு வந்தார்கள். என் அம்மா மதலேனா என் கன்னத்தில் காசளவு மைப்பொட்டு வைத்தாள். நெற்றியில் இன்னொன்று. அதுவும் போதாதென்று அடுப்புக்கரியை மூக்கில் தேய்த்து, இருப்பதிலேயே கிழிந்த சட்டையாகப் பார்த்து மாட்டிவிட்டாள். புல்தரையில் எங்களை வரிசையாக வைத்தபோது ஏதோ தீ விபத்திலிருந்து மீட்டுவந்தது போலத்தான் இருந்ததாம்.

"குழந்தை எப்படி இருக்கிறது?" என்று துரைசானி இங்கிலீசில் கேட்க, கிளப்பு பார்க்காரன் மைக்கல் அதைத் தமிழில் கேட்டான்.

"எங்கங்க, பாலே குடிக்க மாட்டேங்குது" என்றாள் என் அம்மா. அந்த நேரம் பார்த்து நான் ஒரு பெரிய ஏப்பம் விட்டேனாம்.

கிளப்பில் குழந்தைகளை நிறுக்கத் தராசு இல்லை. தோட்டத்துக் கொழுந்துத் தராசைக் கொண்டுவந்து மரக்கிளையில் கட்டினார்கள். தராசு வந்தால் கூடவே நோபர்ட் கணக்கப்பிள்ளையும் வருவார். இருபத்திரண்டு வருஷமாக அதில் கொழுந்து நிறுக்கிறவர் அவர். முள் எங்கே நின்றாலும் கூடைக்கு இரண்டு ராத்தல், ஈரத்துக்கு இரண்டு ராத்தல், மொத்தம் நாலு ராத்தலை வெட்டிவிட்டுத்தான் சத்தமாகச் சொல்லுவார். மழை பெய்தாலும் வெட்டு, வெயில் கொளுத்தினாலும் வெட்டு. தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும், ஒருத்தியும் வாய் திறக்க மாட்டாள். திறந்தால் அடுத்த நாள் ஆறு ராத்தல் போகும்.

அன்றைக்குக் கூடை இல்லை. ஒரு துணியில் ஏணை கட்டித் தொங்கவிட்டு, முள் பூச்சியத்தில் நிற்கிறதா என்று துரைசானியே குனிந்து பார்த்தார். பிறகு நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பேனாவைத் திறந்தார். கணக்கப்பிள்ளை தராசுக்கு முன்னால் விறைத்து நின்றார். என்னைத்தான் முதலில் போட்டார்கள்.

"பதினொண்ணு!"

அடுத்தது பத்து. அடுத்தது ஒன்பது. ஒரு சின்னப் பயலுக்கு ஏழு. எழுத எழுதத் துரைசானியின் முகம் வெளுத்தது. கரி பூசிய முகங்களை ஒரு தடவை பார்ப்பார், புத்தகத்தை ஒரு தடவை பார்ப்பார். கடைசிக் குழந்தை இறங்கியதும் எழுந்து மற்றத் துரைசானிமாரோடு படபடவென்று பேசினார். மைக்கல் தொண்டையைச் செருமிக்கொண்டு வந்தான்.

"மரியாயி, தொரசாணி அம்மா சொல்றாங்க... இருபத்தெட்டுப் புள்ளயும் நோஞ்சானாம். ஆயா சரியா பாக்குறதில்லயாம். கண்டியில இருந்து படிச்ச நர்ஸ் ஒருத்தி வருவாளாம். நீ மாசக் கடைசியில காம்பராவ ஒப்படைக்கணுமாம்."

மரியாயியின் சிரிப்பு அப்போதுதான் நின்றது. அவள் அம்மாமார் பக்கம் திரும்பினாள்.

"அடியே, ஒருத்தியாவது வாயத் தொறங்கடி! எம் புள்ள நல்லாத்தான் இருக்குன்னு ஒரு வார்த்த சொன்னா கொறஞ்சா போயிருவீங்க?"

இருபத்தெட்டுப் பேரும் புல்லைப் பார்த்தார்கள். என் அம்மாவும்தான். இதை நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வரும். தன் பிள்ளைக்குக் கண் படக்கூடாது என்று, அந்தப் பிள்ளையை ஊட்டி வளர்த்தவள் ரோட்டுக்குப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றாளே! ஆயிரம்தான் அம்மாவாக இருக்கட்டும், அது தப்புத்தான்.

மரியாயி என்னைத் தூக்கிக் கையில் இரண்டு தடவை குலுக்கிப் பார்த்தாள். தினமும் தூக்குகிற கைக்குத் தெரியாதா? "இந்தக் குண்டச்சி பதினொரு ராத்தலா?" என்று முணுமுணுத்தாள். தராசைப் பார்த்தாள், கணக்கப்பிள்ளையைப் பார்த்தாள். எங்கே போனது அந்த நாலு ராத்தல் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. ஆனால் நொண்டி ஆயா கணக்கப்பிள்ளையைக் கள்ளன் என்று சொன்னால் எந்தத் துரைசானி நம்புவார்? சிரிப்பை மறுபடி வரவழைத்துக்கொண்டாள்.

"மைக்கல் அண்ணே, தொரசாணி அம்மாகிட்ட கேளுங்க. சின்னத் தொரயயும் ஒருக்கா தொங்கவிட்டுப் பாப்பமே. நல்லா வளந்த புள்ள எவ்வளவு இருக்கும்னு இந்தப் பொம்பளைங்க தெரிஞ்சுக்கிடட்டும்."

துரைசானிக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. லேஸ் தொப்பியும் பட்டுச் சட்டையுமாகச் சின்னத் துரையை ஏணையில் உட்காரவைத்தார்கள். கணக்கப்பிள்ளை தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டார். துரை மகனை நிறுக்கிற பாக்கியம் யாருக்குக் கிடைக்கும்? முள்ளைப் பார்த்தார், நெஞ்சை நிமிர்த்தினார், இருபத்திரண்டு வருஷத்துப் பழக்கம் தானாக வாயைத் திறந்தது.

"பதினஞ்சு!"

துரைசானி போட்ட கூச்சலில் டென்னிஸ் ஆடியவர்கள் மட்டையைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள். திங்கட்கிழமை பத்தொன்பது ராத்தல் இருந்த பிள்ளை வெள்ளிக்கிழமை பதினைந்தா? ஒருத்தர் டாக்டரைக் கூட்டிவரக் காருக்கு ஓடினார். இன்னொருத்தர் அவருக்குப் பின்னால் சாவியோடு ஓடினார். ஒரு துரைசானி மயங்கி விழுவதற்கு நல்ல நாற்காலியாகத் தேடினார். சின்னத் துரை மட்டும் ஏணையில் காலை உதைத்துக் கெக்கலி கொட்டிச் சிரித்தான். அவனைப் பார்த்து நாங்கள் இருபத்தெட்டுப் பேரும் சிரித்தோமாம்.

கேக்கும் கையுமாக இருந்த ஜமால்தீன் முதலாளி மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு தராசுக்குக் கிட்டப் போனார்.

"அல்லாவே! முள்ளு பத்தொம்பதுல நிக்குதே! நம்மட கடையில இப்பிடி நாலு ராத்தல் கொறச்சிச் சொன்னா சனங்க நம்மள தெருவுல வச்சி உரிச்சிருவாங்க."

பெரிய துரை விஸ்கிக் கிளாசோடு வந்தார். தோட்டத்துத் துரைமாருக்கு அரைகுறைத் தமிழ் தெரியும்.

"கணக்கப்பிள்ளை! எங்கே போச்சு நாலு ராத்தல்?"

"கூடைக்கு ரெண்டுங்க, தொர."

"கூடை எங்கே?"

"இல்லீங்க."

"மத்த ரெண்டு?"

"ஈரத்துக்குங்க."

"என் பிள்ளை ஈரமா?"

"எப்ப ஈரமாகும்னு சொல்ல முடியாதுங்களே, தொர."

கணக்கப்பிள்ளையின் வார்த்தை வீண்போகவில்லை. சின்னத் துரை அந்தக் கணமே அவருடைய வெள்ளைக் கால்சட்டையை நனைத்துவிட்டான். ஐயோ, பிறகு யார் யாரைப் பிடிப்பது! துரைமார் சிரித்தார்கள், துரைசானிமார் சிரித்தார்கள், மைக்கல் சிரிப்பை அடக்கி அடக்கி விக்கல் எடுத்து நின்றான். எங்களை எல்லாம் மறுபடி நிறுத்தார்கள். இந்தத் தடவை முள்ளைப் பார்த்துச் சொன்னவர் ஜமால்தீன் முதலாளி. நான் பதினைந்து! எனக்குத்தான் முதல் பரிசு. வில்மட் துரைசானி மரியாயியின் இரண்டு கைகளையும் பிடித்து, "நீ போக வேணாம். நீ இரு, இரு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அத்தோடு பால்மா டின்னை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கலாம் இல்லையா? வேலை பிழைத்தது, காம்பரா பிழைத்தது. மரியாயி போகவில்லை.

"மைக்கல் அண்ணே, இதயும் கேளுங்க. புள்ளைங்களுக்கு நாலு ராத்தல் திருப்பிக் குடுத்துட்டீங்க. அவங்க அம்மாமாருக்கு?"

மைக்கலின் விக்கல் நின்றுபோனது. "அடி பைத்தியமே, இத நான் சொல்ல மாட்டேன். எனக்கு நாளைக்கும் வேலை வேணும்."

பெரிய துரைக்கு அது விளங்கிவிட்டது. துரைக்குத் தெரியாமல் ஒரு கணக்கப்பிள்ளை இருபத்திரண்டு வருஷம் கொழுந்து வெட்ட முடியுமா? அவர் முகம் கழுத்து வரை சிவந்தது. அப்படியும் மரியாயி நகரவில்லை. துரைசானி பக்கம் திரும்பி, என் அம்மாவைக் காட்டினாள். கொழுந்துக் கூடையைத் தலையிலிருந்து இறக்குவது போலச் செய்தாள். தராசைக் காட்டினாள். பிறகு நாலு விரலை நீட்டி, மடக்கினாள்.

துரைசானி அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே நின்றார். கொஞ்ச நேரத்துக்கு முன் அந்த நாலு ராத்தலுக்காகத்தான் அவர் கூச்சல் போட்டு அழுதார். மகனை இறுக்கி அணைத்துக்கொண்டு புருஷனிடம் இங்கிலீசில் என்னவோ கேட்டார். துரை கிளாசைப் பார்த்தார். துரைசானி மரியாயியிடம் மெதுவாக, "நாளைக்கு நான் வாரேன். தராசு பாக்க" என்றார்.

வந்தார். மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் தராசுக்குப் பக்கத்தில் நின்றார். கூடையைத் தனியாக நிறுத்தார்கள், ஒன்றரை ராத்தல். அதை மட்டும் கழித்து நோபர்ட் கணக்கப்பிள்ளை சத்தமே இல்லாமல் எடையைச் சொன்னார். என் அம்மா தான் சுமந்து வந்த எடை எத்தனை என்று அன்றைக்குத்தான் முதல் முதலாகக் காதால் கேட்டாள். கேட்டவள் மடுவத்து வாசலில் அப்படியே உட்கார்ந்து ஓவென்று அழுதாளாம்.

பிள்ளைக்காம்பராவிலிருந்து மரியாயி நொண்டிக்கொண்டு ஓடிவந்தாள். "ஏன்டி மதலேனா, அதான் சரியா நிறுத்துட்டாங்களே, இன்னும் என்னத்துக்கு அழுவுற?"

"பதினோரு வருசமா கொழுந்து பறிக்கிறேன், அக்கா" என்றாள் என் அம்மா.