கோட்டை வாசலில் பாக்கியலட்சுமி

போன் மேப்பில் பாக்கியலட்சுமி அத்தையின் நீலப் புள்ளி ஆற்றுப் பாலத்தின் மேல் நின்றுவிட்டது. நகரும் நகரும் என்று போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். நகரவில்லை. நான் மைசூரில், விஜயநகர் பசவராஜ் சார் வீட்டு சோபாவில் உட்கார்ந்திருந்தேன். அத்தை பிரான்சில், கார்க்கசோன் என்ற கோட்டை ஊருக்கு சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார்.

அத்தைக்குச் சொந்த ஊர் ஹனூர் பக்கம் கௌதள்ளி. கல்யாணமாகி மைசூருக்கு வந்தவர். மாமா கட்டட மேஸ்திரி. மகள் தீபா பள்ளிக்கூடம் போகும்போதே அவர் தவறிவிட்டார். அத்தை ஓர் ஆஸ்பத்திரியில் ஆயாவாகச் சேர்ந்து, நர்சுகளுக்கு உதவியாளராகி, பிறகு வீடு வீடாகப் போய்ப் புண்ணுக்குக் கட்டு மாற்றவும் ஊசி போடவும் ஆரம்பித்தார். எல்லா இடத்துக்கும் சைக்கிள்தான். கார்களுக்கும் ஸ்கூட்டர்களுக்கும் நடுவே, முன்கூடையில் மருந்துப் பையோடு மிதித்துப் போவார். பென்ஷன் வாங்கும் பெரியவர்கள் அவருக்கு சைக்கிள் சிஸ்டர் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

எங்கள் குடும்பத்தில் டிகிரி முடித்தது தீபாவும் நானும்தான். அவளுக்கு அந்த டிகிரி பிரான்சில் துலூஸ் என்ற ஊரில் வேலையாக மாறியது. என்னுடையது இன்னும் எதுவாகவும் மாறவில்லை. அத்தை வீட்டில் தங்கி வேலை தேடிக்கொண்டிருக்கிறேன். சில நாள் தேடுகிறேனா, தேடுவதாகக் காட்டிக்கொள்கிறேனா என்று எனக்கே தெரிவதில்லை.

தீபா அம்மாவைக் கூப்பிட்டபோது காரில் ஊர் சுற்றிக் காட்டுவதாகத்தான் சொன்னாள். அத்தை மறுத்துவிட்டார். கொள்ளேகால் பஸ்ஸில் போனாலே ஜன்னலோரம் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு வருகிறவர்.

"கார்னா வாந்தி வரும் கண்ணு. சைக்கிள்னா சொல்லு, எந்த ஊருக்கு வேணா வர்றேன்" என்றார்.

அப்படித்தான் வாடகைக்கு இரண்டு சைக்கிள் எடுத்து, ஒரு பழைய கால்வாயின் கரையோடு கோட்டை ஊர்களைப் பார்த்துக்கொண்டு போவது என்று முடிவானது. கால்வாய்க் கரை மேடு பள்ளமில்லாத பாதை. இரண்டு பக்கமும் பெரிய மரங்கள். முதல் நாள் தீபா அனுப்பிய படத்தில் அத்தை சூரியகாந்திக் காட்டின் முன்னால் முகத்தைச் சுளித்துக்கொண்டு நின்றார். நம்மூரில் இல்லாததா, இதைப் பார்க்கவா இத்தனை தூரம் வந்தது என்று கேட்டாராம். அதற்கடுத்து வந்த ஊரில், கோட்டைச் சுவரைக் கையால் தட்டிப் பார்த்து, மாமா கட்டியிருந்தால் இவ்வளவு தடிமன் வைக்க விட்டிருக்கமாட்டார் என்று சொன்னாராம். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் ஒவ்வொரு நாளும் அவர்கள் ராத்தங்கும் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள் என்று தெரியும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை.

காரணம் இருந்தது. அத்தைக்குச் சர்க்கரை. காலையில் இன்சுலின் போட்டுக்கொள்கிறவர். ஊசி போட்டுக்கொண்டு, வெயிலில் மிதித்து, நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் சர்க்கரை சரசரவென்று இறங்கிவிடும். கை நடுங்கும், வேர்க்கும், பிறகு ஆளே விழுந்துவிடலாம். இதை ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுக்கிறவர் அவர்தான். குளுக்கோஸ் பொட்டலமும் கடலை மிட்டாயும் இல்லாமல் வாசல்படி தாண்டமாட்டார்.

புள்ளி நின்று ரொம்ப நேரம் கழித்துத் தீபா கூப்பிட்டாள். குரலிலேயே பதற்றம் தெரிந்தது.

"பிரியா, அம்மா உனக்கு போன் பண்ணுச்சா?"

"இல்லையே. உன்கூட இல்லையா?"

பாதையில் அவள் டயர் பஞ்சராகியிருக்கிறது. வெயில் ஏறுகிறது, அம்மா சாப்பிட வேண்டிய நேரம். கோட்டை தூரத்தில் தெரிய ஆரம்பித்துவிட்டதால், நேராகப் போய் கோட்டை கேட்டில் நில், வந்துவிடுகிறேன் என்று அனுப்பிவைத்திருக்கிறாள். டியூபை மாற்றிக்கொண்டு அவள் கேட்டுக்குப் போனால் அங்கே அம்மா இல்லை. உள்ளே தெருத்தெருவாகத் தேடிவிட்டாள். எங்கும் இல்லை. அத்தையின் போன் அணைந்துகிடந்தது.

"குளுக்கோஸ் இருக்குல்ல?" என்று கேட்டேன்.

"பை என் சைக்கிள்ல இருக்கு. கனமா இருக்குன்னு காலைல நான்தான் வாங்கி மாட்டினேன்."

பசவராஜ் சார் எதிரில் நாற்காலியில் உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். காலில் ஆறாத புண். அத்தை வரும்வரை கட்டு மாற்ற வேறொரு நர்ஸ் வந்துபோகிறாள். மத்தியான மாத்திரையைப் போட்டாரா என்று எட்டிப் பார்ப்பது மட்டும் என் வேலை. அவர் தன் பங்குக்கு, சிஸ்டர் இப்போது எங்கே என்று தினமும் மேப்பைக் காட்டச் சொல்வார். இங்கே தினமும் தாமதமாக வருகிறவள் அங்கேயும் தாமதமா என்று கன்னடத்தில் கேலி பேசுவார். இன்று கேலி இல்லை. அந்த ஆறு ஆழமா என்று மட்டும் கேட்டார். கேட்காமல் இருந்திருக்கலாம்.

தீபா போலீசுக்குப் போகப்போவதாகச் சொன்னாள். முதலில் ஆற்றங்கரையைப் பார்த்துவிடுகிறேன் என்றாள். எனக்கும் புள்ளி நின்ற அந்தப் பாலத்தைத் தவிர வேறெதுவும் தோன்றவில்லை. மேப்பை விரலால் பெரிதாக்கினேன். பாலம் தாண்டினால் மேடு. மேட்டின் மேல் கோட்டை. அப்போதுதான் கவனித்தேன், கோட்டைக்கு இரண்டு வாசல்.

"நீ எந்த கேட்ல நிக்கிற?"

"மெயின் கேட். வண்டியெல்லாம் வர்றது இதுலதான்."

"ஆத்துப் பக்கம் இன்னொண்ணு இருக்கு, பாரு."

"அது செங்குத்தா ஏறுதுடி. கல்லு பாவின பாதை. சைக்கிளைத் தள்ளிட்டு யாராவது ஏறுவாங்களா? அப்படியே ஏறியிருந்தாலும் உள்ளதான வந்திருக்கும்? உள்ள முழுக்கப் பாத்துட்டேன்."

அவள் சொன்னதில் தப்பில்லை. ஆனால் தீபா மைசூரிலேயே பிறந்து வளர்ந்தவள். மாதேஸ்வரன் மலைக் கோயிலுக்கு எங்கள் சனத்தோடு அவள் நடந்ததில்லை. நான் நடந்திருக்கிறேன். கௌதள்ளியிலிருந்து கூட்டமாகக் கிளம்புவோம். காட்டுப் பாதையில் வேகமாக நடப்பவர்கள் முன்னால் போகலாம். ஆனால் வனத்துறை செக்போஸ்ட் வந்ததும் கேட்டுக்கு இந்தப் பக்கமே நின்றுவிட வேண்டும். கடைசி ஆள் வந்து சேரும்வரை ஒருவரும் தாண்டக்கூடாது. ஒரு தடவை என் அப்பா தாண்டிப் போய் டீ குடித்துக்கொண்டிருக்க, பின்னால் வந்த அத்தை, அண்ணன் இன்னும் வரவில்லை என்று நினைத்து, வந்த வழியே காட்டுக்குள் திரும்ப நடந்துவிட்டார். யானை பிளிறுகிற சத்தம் கேட்டுத்தான் ஓடிவந்தார். அப்பாவுக்கு அன்று விழுந்த திட்டை இன்றைக்கும் சொல்வார்கள்.

அத்தை உள்ளே இருக்கமாட்டார் என்று தோன்றியது. தோன்றியதே தவிர நிச்சயமில்லை. நான் ஆயிரக்கணக்கான மைல் தள்ளி சோபாவில் உட்கார்ந்திருப்பவள். கண்ணால் பார்க்காத ஓர் ஊரில் தீபாவை இந்தப் பக்கம் போ என்று அனுப்பி, அத்தை அந்தப் பக்கம் விழுந்து கிடந்தால்? சொல்லாமல் இருந்தால் பழி வராது. அப்படி ஒரு நினைப்பு வந்தது என்பதே எனக்கு வெட்கமாக இருந்தது.

"ஆத்துக்குப் போகாத. அந்த கேட்டுக்கு வெளிய போய்ப் பாரு. உள்ள இல்ல, வெளிய" என்றேன்.

"வெளிய எதுக்கு நிக்கப்போகுது?"

"நீ கேட்ல நில்லுன்னுதான சொன்ன. நீ வராம அது தாண்டாது."

அவள் ஓடுவது கேட்டது. செருப்புச் சத்தம், யார் யாரோ பேசுகிற சத்தம், பிறகு லைன் போய்விட்டது. மறுபடி அழைத்தேன். எடுக்கவில்லை. பசவராஜ் சார் டிவியை அணைத்தார். தெருவில் காய்கறி வண்டிக்காரர் கூவிக்கொண்டு போனார். அத்தை எழுந்திருக்க முடியாமல் கிடப்பது போலவும், சுற்றி நின்று எல்லாரும் பிரெஞ்சில் பேசுவது போலவும் ஒரு காட்சி திரும்பத் திரும்ப வந்தது.

போன் அடித்தபோது வீடியோவாக வந்தது. திரையில் முதலில் கல் சுவர். பிறகு அத்தை. வாசலுக்கு வெளியே ஒரு கல்லின் மேல், சைக்கிளைச் சாய்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முகம் வெளுத்திருந்தது. ஆனால் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் தீபா அழுதுகொண்டிருந்தாள்.

போன் பாலத்திலேயே செத்துவிட்டது, மேட்டில் தள்ளிக்கொண்டு ஏறியதும் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது என்றார். வாசலுக்குள்ளே கண்ணுக்கெட்டும் தூரத்தில் காப்பிக்கடை தெரிந்ததாம். போகவில்லை. வழியில் போன ஒரு பெண்ணை நிறுத்தி, நடுங்குகிற கையைக் காட்டி, விரலை வாயில் வைத்துச் சப்பிக் காட்டியிருக்கிறார். அந்தப் பெண் கடைக்குப் போய்ச் சர்க்கரைப் பொட்டலங்களை அள்ளிக்கொண்டு வந்திருக்கிறாள். கிழித்த காகிதங்களை அத்தை கீழே போடாமல் மடியில் அடுக்கி வைத்திருந்தார்.

எனக்குக் கோபம் வந்தது. "கடை பக்கத்துலதான் இருந்துச்சு. உள்ள போய் வாங்கியிருந்தா என்னங்க அத்தை?"

"நா உள்ள போன நேரத்துல அவ வந்து பாத்துப்போட்டு, அம்மா இன்னும் வரலைன்னு வந்த வழியே தேடப் போயிட்டான்னா? அப்பறம் என்ற மவள ஆரு தேடுறது?"

தீபா ஆற்றங்கரைக்குப் போக இருந்ததை நானும் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை.

தீபா அம்மாவுக்குக் கடலை மிட்டாய் பிரித்துக் கொடுத்தாள். பிறகுதான் தன் சைக்கிளைப் பூட்டக்கூட இல்லாமல் மெயின் கேட்டில் விட்டுவிட்டு, பையை மட்டும் தூக்கிக்கொண்டு ஓடிவந்தது அவளுக்கு நினைவு வந்தது. வா அம்மா, கோட்டைக்குள்ளேயே நடந்து போய் எடுத்துக்கொள்ளலாம் என்றாள். அத்தை எழுந்திருக்கவில்லை. கால் இன்னும் நடுங்குகிறது, நீ போய் எடுத்துக்கொண்டு வா, நான் இங்கேயே இருக்கிறேன் என்றார். மறுபடியும் ஆளுக்கொரு வாசலா? தீபா தன் போனை அம்மா கையில் திணித்துவிட்டு வாசலுக்குள் நுழைந்து மறைந்தாள்.

திரையில் இப்போது அத்தையின் தாடையும் வானமும் மட்டும் தெரிந்தன.

"போனைக் கட் பண்ணிடாதீங்க அத்தை. அவ வர்ற வரைக்கும் பேசிட்டே இருங்க."

"பண்ணல கண்ணு. என்னத்தப் பேசுறது? பசவராஜ் சார் மாத்திரை போட்டாரா?"

நான் நிமிர்ந்து பார்த்தேன். மதியத்திலிருந்து அவர் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறேன். மாத்திரை அட்டை டீபாய் மேல் பிரிக்காமல் கிடந்தது. அவரும் அதைப் பார்த்தார். தண்ணீருக்குக் கையை நீட்டினார்.