முறை வராத கட்டு

எங்கள் காப்புரிமை அலுவலகத்தில் அவருக்கு ‘ஆமை அக்கா’ என்று பெயர் வைத்ததே நான்தான். பக்கத்து மேசைக்காரனுக்கு அந்த உரிமைகூட இல்லையா? புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்ததாக யாராவது விண்ணப்பித்தால், அதை முன்பே வேறு யாரும் செய்திருக்கிறார்களா என்று தேடுவதுதான் எங்கள் பிழைப்பு. நான் ஒரே நாளில் முடிப்பதை அக்கா ஒரு வாரம் குடைவார்.

அவருக்கு இரண்டு பிடிவாதங்கள். முறை வராமல் எந்த விண்ணப்பக் கட்டையும் பிரிக்க மாட்டார். கண்டுபிடிப்பு என்னவென்று கவுண்டரில் எவரையும் வாய் திறக்க விட மாட்டார்.

“வெளியில சொல்லிட்டா உரிமையே போயிடும்ணே. என்கிட்டகூட சொல்லாதீங்க.”

விண்ணப்பம் கொடுத்துவிட்டு மாதத்தின் முதல் திங்களன்று தவறாமல் வரும் ஒரு வெல்டரிடமும் அதையேதான் சொன்னார். மனுஷன் ஒன்பது வருடம் வாயைத் திறக்கவில்லை. “நம்ம முறை வந்துடுச்சாம்மா?” என்று மட்டும் கேட்டுவிட்டுப் போவார்.

அப்புறம் அந்தச் சட்டம் வந்தது. இனிமேல் வரும் விண்ணப்பங்களை ஆறு மாதத்துக்குள் ஆராய்ந்து முடிக்க வேண்டும். பழையவற்றை நேரம் கிடைக்கும்போது பார்த்துக்கொள்ளலாமாம். சட்டம் எழுதிய புண்ணியவான்கள் எங்கள் பீரோவைத் திறந்து பார்க்கவில்லை. பழைய கட்டுகள் கணினியில் ஏறவே இல்லை.

போன வருடம் ஒரு கம்பெனியின் சக்கர நாற்காலி பிரேக்குக்கு அக்கா அனுமதி கொடுத்தார். கணினியில் தேடினார், ஒன்றும் இல்லை, கையெழுத்துப் போட்டார். போன வாரம்தான் வெல்டரின் முறை வந்தது. கட்டைப் பிரித்த அக்கா அப்படியே உட்கார்ந்துவிட்டார். அதே பிரேக். மனைவியின் நாற்காலிக்காகச் செய்தது என்று பென்சிலில் குறிப்பு வேறு. வரிசைப்படி போயிருந்தால் இதுதான் முதலில் பிரிந்திருக்கும்.

“கட்டி உள்ள வைங்கக்கா. கம்பெனிக்குக் குடுத்ததுக்கு ஆட்சேபம் சொல்ல இன்னும் ஒரு வாரந்தான் கெடு. அது முடிஞ்சா யாரும் கேக்க மாட்டாங்க. ரிட்டையர் ஆகற நேரத்துல வம்பு எதுக்கு?” என்றேன். சொன்னதற்கு இப்போது வெட்கப்படுகிறேன்.

அக்கா கட்டைப் பீரோவில் வைக்காமல் மேசையிலேயே வைத்துக்கொண்டார். திங்கட்கிழமை வெல்டர் வந்தார்.

“முறை வந்துடுச்சுண்ணே. ஆனா உங்க பிரேக்கை வேற ஆளுக்குக் குடுத்துட்டாங்க. குடுத்தது நான்தான்.”

வெல்டர் கவுண்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அக்காவே ஆட்சேப மனுவை எழுதினார். காரணம் என்ற இடத்தில், ‘ஆய்வாளர் பழைய கட்டுகளைப் பார்க்கவில்லை’ என்று எழுதி, பக்கத்தில் தன் பெயரையும் போட்டார். வெல்டர் எழுத்துக் கூட்டிப் படித்துக் கையெழுத்திட்டார்.

“இதுக்கும் ஆறு மாசந்தானேம்மா?”

அக்கா என்னைப் பார்த்தார். நான் குனிந்துகொண்டேன்.

“இல்லண்ணே. ஆட்சேபத்தை விசாரிச்சு முடிக்கச் சட்டத்துல கெடு போடல.”

“அப்ப மறுபடியும் வரிசையா?”

“ஆமாண்ணே.”

“சரிம்மா. முதல் திங்கள் வர்றேன்.”