பறபொடி முனை

ஈப்போ பழைய பட்டணத்துக் காப்பிக் கடை ஒன்றில் சுவர் முழுக்கப் பழைய தகர விளம்பரப் பலகைகள் மாட்டியிருக்கிறார்கள். சைக்கிள் டயர், தலைவலித் தைலம், டின் பால். எனக்கு அவற்றின் மேல் பைத்தியம். ஐம்பத்தாறு வயதாகியும் தெளியவில்லை. போன சனிக்கிழமை காலை அவற்றைப் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது கைப்பேசி அதிர்ந்துகொண்டே இருந்தது. படம் ஆடிவிடுகிறதே என்ற எரிச்சலில் மூன்று தடவை எடுக்கவில்லை. நான்காவது தடவை எடுத்தேன். எங்கள் அடுக்குமாடிக்குக் கீழே மளிகைக் கடை வைத்திருக்கும் அக்கா.

"ஒங்க அப்பா பஸ் ஏறிப் போய்ட்டாரு லா! கடைக்கு வந்து பல்பொடி கேட்டாரு. பசைதான் இருக்குன்னேன். பல்பொடி இல்ல, பறபொடின்னு கத்திட்டுப் போய்ட்டாரு."

அப்பாவுக்கு எண்பத்து மூன்று வயது. ஒரு வருடமாக ஞாபகம் வருகிறது, போகிறது. தூங்குகிறாரே என்று கதவைச் சாத்திவிட்டு, தகரத்தைப் படம் பிடிக்க வந்திருக்கிறேன். என் புத்தியை என்னவென்று சொல்ல.

பறபொடி கடைச் சரக்கு அல்ல, இடம். பத்து காஜா சாலையில், எங்கள் ரப்பர் தோட்டத்துக்குத் திரும்பும் முனையில் ஒரு சீனர் கடை இருந்தது. அதன் பக்கச் சுவரில் பல் தெரியச் சிரிக்கும் ஒரு பெண்ணும், ஆள் உயர எழுத்தில் பற்பொடி விளம்பரமும். வரைந்தவருக்குத் தமிழ் தெரியாது. தாளில் எழுதிக் கொடுத்ததைப் பார்த்து எழுதினார். 'ற்' மேலிருந்த புள்ளியை மை சிந்தியது என்று நினைத்தாரோ என்னவோ, விட்டுவிட்டார். பற்பொடி பறபொடி ஆயிற்று. தோட்டமே கொஞ்ச நாள் சிரித்தது. பிறகு அதுவே இடத்தின் பெயராகிவிட்டது. மலாய்க்காரக் கண்டக்டர்கூட "பறபொடி! பறபொடி!" என்றுதான் கூவுவார்.

காரை எடுத்தேன். எல்லாச் சிவப்பு விளக்குகளும் என்னைப் பார்த்துத்தான் எரிந்தன. முன்னால் ஊர்ந்த லாரிக்காரனை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவன் என்ன செய்வான், பாவம்.

சாலை அகலமாகிவிட்டது. ரப்பர் போய் எண்ணெய்ச் செம்பனை வந்து, அதுவும் போய் வீடுகள் வந்துவிட்டன. வழி நெடுகப் புது வீட்டு விளம்பரங்கள். முனையைத் தாண்டிப் போய்விட்டேன். திரும்பி வந்து மறுபடியும் தாண்டினேன். கோலா கங்சார் வரை போய்ப் பழைய சுவர்களைப் படம் எடுத்தவள், எங்கள் சுவரை ஒரு நாளும் எடுத்ததில்லை. அது எந்த வருடம் இடிந்தது என்றுகூடத் தெரியாது. வெட்கமாக இருந்தது, அதைவிடப் பயமாக இருந்தது. அந்தச் சாலையில் வண்டிகள் யாருக்கும் நிற்காது.

மூன்றாவது தடவை அப்பாவைக் கண்டேன். மின்சார விளம்பரத் திரை ஒன்றின் கீழே, வெயிலில், ஈப்போ பக்கம் பார்த்தபடி நின்றிருந்தார். எனக்குப் பிடிபடாத முனையை அவர் சரியாகக் கண்டுபிடித்து இறங்கியிருக்கிறார்.

"அப்பா, ஏறுங்க. போலாம்."

காருக்குள் குனிந்து பார்த்தார். அந்நியரிடம் காட்டும் மரியாதை முகத்தில் இருந்தது.

"நீங்க போங்கம்மா. எம் பொண்ணு ஸ்கூல் பஸ்ல வருது. நான் இங்க இல்லன்னா அழும்."

"நாந்தாம்பா அது."

"பஸ் வர்ற நேரம்மா. வண்டிய எடுங்க."

எனக்குக் கோபம்தான் வந்தது. பிடித்து இழுத்துப் போட்டுக்கொண்டு போகலாமா என்றுகூட நினைத்தேன். பிறகு என்ன தோன்றியதோ, திரும்பிப் போய், பஸ் வரும் ஈப்போ பக்கமாகத் தள்ளிக் காரை நிறுத்திவிட்டு, சாலையோரமாக அவரை நோக்கி நடந்தேன்.

அப்பாவின் முகம் மலர்ந்தது. எட்டி வந்து என் தோள்பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார்.

"பஸ் லேட்டா?"

"ஆமாம்பா."

என் கண்களைப் பார்த்துவிட்டார்.

"ஏன் அழுவுற? டீச்சர் அடிச்சாங்களா?"

"ஆமாம்பா" என்றேன்.