பொட்டு வைத்த சிந்தசைசர்

அன்று முன்னறையில் இருந்தவர்கள்: ஈரத்துணியோடு அம்மா. சந்தனக் கிண்ணத்தோடு சித்தி. பொரி மூட்டையைப் பிரித்துக்கொண்டு அண்ணன். சுவரோரமாக நான். அப்பா பூசணிக்காய் வாங்க மார்க்கெட்டுக்குப் போயிருந்தார். மயிலாப்பூர் வீடு, ஆயுத பூஜை. அறையில் பாதியை அந்த மெஷின் அடைத்திருந்தது. அன்று ஓடாவிட்டாலும் அதன் சூடான தூசி வாசனை மட்டும் அறையில் நின்றது.

அப்பா அதைச் சிந்தசைசர் என்பார். அம்மாவுக்கு அது "சத்தப் பீரோ". பீரோ உயரம்தான். கதவு இருக்க வேண்டிய இடத்தில் கறுப்புத் தகடுகள், தகடு முழுக்கக் குமிழ்களும் ஓட்டைகளும். ஒரு தகடு சத்தத்தைப் பிறப்பிக்கும், பக்கத்துத் தகடு அதைச் சீவும், இன்னொன்று திறந்து மூடும். ஒன்றுக்கு மற்றொன்றைத் தெரியாது, நாம்தான் ஒயர் போட்டுச் சேர்த்துவைக்க வேண்டும். எந்த ஓட்டையிலிருந்து எதற்கு ஒயர் போகிறது, எந்தக் குமிழ் எவ்வளவு திரும்பியிருக்கிறது, அதுதான் சத்தம். அந்த மெஷினுக்கு ஞாபகம் கிடையாது. ஒயரைப் பிடுங்கினால் போச்சு. எழுதி வைத்தும் பிரயோசனமில்லை. குமிழ் மயிரிழை நகர்ந்தாலும் வேறு சத்தம்.

மெஷின் எங்களுடையதல்ல. ஒரு சினிமா இசையமைப்பாளர் வெளிநாட்டிலிருந்து வரவழைத்தது. அவரை நாங்கள் மாஸ்டர் என்போம். அவரிடம் இருந்த யாருக்கும் அதை ஓட்டத் தெரியவில்லை. நாடகங்களுக்கு ஆர்மோனியம் வாசித்து, நாடகமும் நின்று, சும்மா இருந்த அப்பா நான் பார்க்கிறேன் என்று வீட்டுக்குக் கொண்டுவந்தார். ஒரு படத்தில் பூட்டிக் கிடந்த அறையை ஒருத்தி திறக்கிறாள். அதற்கு ஒரு சத்தம் வேண்டும். அது சரியாக வந்தால் அப்பாவுக்கு மாஸ்டர் குழுவில் நிரந்தர வேலை. அப்பா சோறு தண்ணி மறந்து தேடினார். மழை விடும்போது தகரக் கூரையில் கேட்குமே, அதைப் போல ஒன்று கிடைத்தது. மழை அல்ல, வேறு ஏதோ. எனக்குக் கழுத்து சிலிர்த்தது. மாஸ்டர் வீட்டுக்கே வந்து கேட்டார். "இதான்யா. கையை எடு. இனிமே தொடாதே" என்றார். விஜயதசமி காலையில் வண்டி வரும், ஒயரோடு அப்படியே தூக்கிப்போய் தி.நகரில் ரெக்கார்டிங் என்று பேச்சு.

யாரும் கை வைக்கக்கூடாது என்று சொல்லிவிட்டுத்தான் அப்பா மார்க்கெட்டுக்குப் போனார். துடைப்பது கை வைப்பதில் சேராது என்று அம்மா நினைத்தாள். சைக்கிள், அடுப்பு, சித்தியின் தையல் மெஷின் எல்லாம் துடைத்துப் பொட்டு வைத்தாகிவிட்டது. சோறு போடப்போகிற மெஷினைத் தூசியோடு சாமிக்கு எப்படிக் காட்டுவது?

"இன்னாக்கா, இத்தினி ஒயரு! ஈபி ஆபீஸ்ல கூட இவ்ளோ கீதா?" என்று சித்தி சிரித்தாள்.

"வாய மூடிக்கினு சந்தனத்தக் கொழைடி."

அம்மா ஒயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். துடைத்தாள். பூச்சரம் மாதிரி சுருட்டித் தாம்பாளத்தில் வைத்தாள். கோணல்மாணலாக நின்ற குமிழ்களையெல்லாம் ஒரே திசைக்குத் திருப்பி வரிசையாக்கினாள். குமிழுக்குக் குமிழ் பொட்டு. பார்க்க அழகாகத்தான் இருந்தது. விளக்கையும் ஏற்றிவிட்டாள்.

அப்பா பூசணிக்காயைத் தோளில் வைத்தபடியே நின்றார்.

"ஒயரு எங்க?"

"சாமி முன்னாடி கீது பாருங்க. பொட்டு வச்சாச்சு. நாளைக்குக் காத்தால வரைக்கும் எடுக்கக்கூடாது, தெரியும்ல?"

"தெரியும்" என்றார்.

படைத்ததை மறுநாள் வரை தொடுவதில்லை. அவர் அப்படியே வளர்ந்தவர். தொடவில்லை. பூசணிக்காயை இறக்கி வைத்துவிட்டு மெஷின் எதிரே தரையில் உட்கார்ந்துகொண்டார். அம்மாவுக்குப் புரிந்தபோது பொரித் தட்டு கையில் இருந்தது. அதை அவர் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

விடிந்ததும் அப்பா குளித்து, சூடம் காட்டி, ஒயரை எடுத்தார். வண்டி வரும்வரை தேடினார். என்னென்னவோ சத்தம் வந்தது. அது வரவில்லை.

ரெக்கார்டிங் தியேட்டரிலும் வரவில்லை. மாஸ்டர் மத்தியானம்வரை பொறுத்துப் பார்த்தாராம். பிறகு ஒரு பையன் சின்ன கீபோர்டோடு வந்து பட்டனை அழுத்தினானாம். பூஜை என்று ஒரு வார்த்தை அப்பா அங்கே சொல்லவில்லை. வீட்டிலும் அம்மாவைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவளுக்கு ஆறியிருக்கும். அவர் கே.கே. நகரில் ஒரு மளிகைக் கடைக்குப் பொட்டலம் கட்டப் போனார், முடியாமல் போகும்வரை போனார். அம்மா அதற்கப்புறம் எந்தப் பொருளுக்கும் பொட்டு வைத்ததில்லை.

இருவரும் இப்போது இல்லை. ரெக்கார்டிங் தியேட்டர் இருந்த இடத்தில் துணிக்கடை. மெஷின் எங்கே போனதென்று தெரியாது. இப்போது எந்தச் சத்தமும் அழிவதில்லை, போனிலேயே இருக்கிறது. அந்தப் படமும் இருக்கிறது. போன வாரம் போட்டுப் பார்த்தேன். அவள் கதவைத் திறக்கிறாள். அந்தப் பையனின் பட்டன் சத்தம் வருகிறது. அவள் உள்ளே போகிறாள், சத்தம் நிற்கிறது. எவ்வளவு நேரம் வருகிறதென்று எண்ணினேன்.

ஏழு வினாடி.