பைக்குள்ளேயே இருந்த மெஷின்

சகுந்தலா அக்கா போய்விட்டாள் என்ற செய்தி சென்ற செவ்வாய்க்கிழமை மதியம் கம்பெனி கேண்டீனில் எனக்கு வந்தது. போனில் அவள் கணவர் பாஸ்கர் மாமா. பித்தப்பைக் கல்லுக்குச் சித்தூரில் ஒரு நர்சிங் ஹோமில் அன்று காலையில்தான் ஆபரேஷன். "ஆபரேஷன் நல்லாத்தாம்மா ஆச்சு. மெஷினை மாட்ட உடல. தூங்கட்டும்னு சொன்னாங்க" என்றார்.

எந்த மெஷின் என்று பிச்சாட்டூர் கம்பெனி பஸ்ஸில் எங்களோடு வந்தவர்களுக்குத் தெரியும். தெரியாத உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். கோபத்தில் எழுதுகிறேன். அந்தக் கோபத்தில் ஒரு பங்கு என் மேலேயே.

சத்தியவேடு பக்கத்துச் செல்போன் செய்யும் கம்பெனியில் அக்காவும் நானும் ஒரே லைனில் வேலை. பஸ்ஸில் உட்கார்ந்த உடனே தூங்கிவிடுவாள். ஒருமுறை சோற்றில் வைத்த கை வைத்தபடியே இருக்கத் தூங்கினாள். கும்பகர்ணி என்று அவளுக்குப் பெயர் வைத்தது நான்தான். அவளும் எங்களோடு சேர்ந்து சிரித்தாள்.

ஒருநாள் லைனிலேயே கண் அயர்ந்தாள். சூப்பர்வைசர் எழுப்பவில்லை. வீடியோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார். கீழே வரிசையாகச் சிரிக்கும் பொம்மைகள். அதில் ஒன்று நான் போட்டது. மேனேஜர் கூப்பிட்டனுப்பியபோது துணைக்குப் போனேன். அக்கா குரலை உயர்த்தவில்லை. "சார், ஒம்போது மணி நேரம் தூங்குறேன். அப்பவும் தூங்காத மாதிரியேதான் கீது. இன்னான்னு எனக்கே தெரியல" என்றாள். அவர் அதைச் சாக்கு என்று எடுத்துக்கொண்டு, நின்றுகொண்டே செய்கிற பேக்கிங் வேலைக்கு மாற்றினார். நிற்கிறவளுக்குத் தூக்கம் வராதாம்.

டாக்டர்களிடம் போகாமலும் இல்லை. காலையில் எழுந்தால் தலைவலி, வாய் வறட்சி, ஏறிக்கொண்டே போகிற பிபி எல்லாம் சொல்லியிருக்கிறாள். ஒருவர் இரத்தசோகை என்று மாத்திரை கொடுத்தார். இன்னொருவர் தைராய்டு பார்த்தார். மூன்றாமவர், புருஷன் வெளிநாட்டில் இருப்பதால் மனக்கவலை என்றார். குறட்டை விடுகிறாயா என்று ஒருவரும் கேட்கவில்லை. அவள் ஒல்லி. குறட்டையோடு வரும் அந்த வியாதி குண்டானவர்களுக்கு மட்டும்தான் வரும் என்று நினைத்தார்களோ என்னவோ.

கண்டுபிடித்தது குவைத்தில் டிரைவராக இருந்த பாஸ்கர் மாமா. இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் ஊருக்கு வருவார். அந்த முறை வந்தவர், அவள் குறட்டை சட்டென்று அடங்குவதையும், கொஞ்ச நேரம் மூச்சே இல்லாமல் கிடப்பதையும், பிறகு திணறி இழுப்பதையும் கவனித்தார். குவைத்தில் அவர் அறையில் இருந்த ஒருவருக்கும் இப்படித்தான் இருந்து, மெஷின் கொடுத்திருந்தார்களாம். அடுத்த நாளே திருப்பதிக்கு அழைத்துப் போனார். தலையிலும் மார்பிலும் விரலிலும் ஒயர் மாட்டித் தூங்க வைத்துப் பார்த்தார்கள். தூக்கத்தில் தொண்டை தளர்ந்து மூச்சை அடைக்கிறது, மூளை பதறி அவளை எழுப்புகிறது, விடிய விடிய இதேதான் என்றார் அங்கிருந்த டாக்டர். ஒல்லியாக இருந்தாலும் தாடை சிறியதாக இருந்தால் வரலாமாம். முகமூடி வழியாகக் காற்றைத் தள்ளும் சின்ன மெஷின் ஒன்றைக் கொடுத்து, தூங்கும்போதெல்லாம் மாட்டச் சொன்னார்.

கொஞ்ச நாளில் பஸ்ஸில் ஏறிய அக்கா, முழித்த கண்ணோடு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "நான் சோம்பேறி இல்லடி. மூச்சு இல்லாம கெடந்திருக்கேன்" என்றாள். அதற்குப் பிறகு நான்கு வருடம் அவள் பஸ்ஸில் தூங்கி நான் பார்க்கவில்லை. பாஸ்கர் மாமாவும் குவைத்தை விட்டு வந்துவிட்டார்.

ஆபரேஷனுக்குச் சேரும்போது அவளே எல்லாவற்றையும் சொல்லி, திருப்பதி ரிப்போர்ட்டையும் கொடுத்திருக்கிறாள். ஆபரேஷன் முடிந்து வார்டுக்கு வந்ததும் வலி தெரியாமல் இருக்க ஊசி போட்டார்கள். அது ஆளை ஆழமாகத் தூங்க வைக்கிற ஊசி. மாமா பையிலிருந்து மெஷினை எடுத்தார். லக்கேஜை எல்லாம் கட்டில் மேல் வைக்காதே என்றாள் நர்ஸ். டியூட்டி டாக்டரிடம் போய்க் கேட்டார். அது குறட்டைக்குத்தானே, ஒருநாள் போடாவிட்டால் ஒன்றும் ஆகாது என்றார் அவர். மாமா மெஷினைப் பையிலேயே வைத்துவிட்டுக் கட்டிலருகே உட்கார்ந்தார். குறட்டை வந்தது. நின்றது. திரும்ப வரும் என்று காத்திருந்தார். வரவில்லை. அவர் ஓடி ஆட்களைக் கூட்டி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

இதயம் நின்றுவிட்டது என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். செத்தவர் யாருக்குத்தான் இதயம் நிற்காமல் இருக்கிறது? மாமாவோடு போய்ச் சண்டை போட்டு ஃபைலை வாங்கிப் பார்த்தேன். அவள் கொடுத்த ரிப்போர்ட் கவர்கூடப் பிரிக்காமல் உள்ளேயே இருந்தது.

கும்பகர்ணி என்று பெயர் வைத்ததற்கு அவளிடம் ஒருநாள் மன்னிப்புக் கேட்டிருந்தேன். "சிரிச்சது போவட்டும். ஒருத்தியாவது எனக்கு மூச்சு வருதான்னு பாத்தீங்களா?" என்றாள். அவளிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தக் கேள்வி ஒன்றுதான்.

நேற்று பேக்கிங்கில் புதிதாகச் சேர்ந்த ஒருத்தி பஸ்ஸில் வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள். பின்சீட்டில் யாரோ படம் எடுக்கச் செல்போனைத் தூக்கினார்கள். அதைப் பிடுங்கி என் மடியில் வைத்துக்கொண்டு, அவள் பக்கத்தில் உட்கார்ந்து மூச்சைக் கேட்டேன். கம்பெனி வாசல் வருவதற்குள் இரண்டு முறை நின்றது. ஞாயிறு கழித்து அவளைத் திருப்பதிக்கு அழைத்துப் போகிறேன்.