மூடுபனிக்கு எடை குறைவு

விடுதிகளின் இணையப் பக்கங்களுக்குப் படங்களைச் சுருக்கித் தருவது என் வேலை. ஏற்காட்டில் அதற்குப் பஞ்சமில்லை. காப்பித் தோட்டப் படம் லேசில் மசியாது. இலைக்கு இலை வேறு நிழல், அத்தனையையும் கோப்பில் எழுதி வைத்தாக வேண்டும். மூடுபனிப் படமோ சொன்னபடி கேட்கும். எங்கு பார்த்தாலும் ஒரே வெள்ளை. 'இங்கிருந்து அங்குவரை இதேதான்' என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். அதனால் அதன் கோப்பு மிகச் சிறியது.

ஜீப் ஓட்டும் என் கணவருக்கு இதெல்லாம் தெரியாது. போன ஐப்பசியில், போனில் இடமில்லை என்று நான் புலம்பப்போக, படங்களை அளவுப்படி அடுக்கி, கடைசியில் கிடந்த சின்னதையெல்லாம் அழித்து, குப்பைத் தொட்டியையும் காலி செய்துவிட்டார். எல்லாம் காலை வணக்கப் பூக்கள் என்று நினைப்பு.

"பெருசுல ஒண்ணைக்கூடத் தொடலை கண்ணு." பெருமை வேறு.

அதோடு போனது என் அப்பாவின் ஒரே படம். கேமராவைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர். என்னை வழியனுப்ப வந்தவரை, நாகலூர் நிறுத்தத்துப் பனியில், பஸ் ஜன்னல் வழியாக அவருக்குத் தெரியாமல் எடுத்தது. அடுத்த மாதமே இறந்துபோனார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் கணவரோடு பேச்சையே நிறுத்திவிட்டேன். பிறகுதான் நினைவு வந்தது: எடுத்த அன்றே அந்தப் படத்தைக் கொட்டச்சேட்டில் இருக்கும் அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தேன்.

"அந்த வெள்ளைப் படமா சாமி?" என்றாள் அக்கா. "ஒண்ணுமே தெரியலைன்னு அன்னிக்கே சொன்னனே. ஆனா அழிக்க மனசு வரல." உடனே அனுப்பினாள்.

திறக்கக் கை வரவில்லை. வாட்ஸ்அப் அனுப்பும்போதே படத்தைச் சுருக்கிவிடும். கண்ணுக்குப் பெரிதாகப் படாத நுணுக்கங்களைத் தூக்கிப் போடும், போட்டது போட்டதுதான். அப்பாவிடமிருந்து எதைப் போட்டதோ என்று பயம்.

திறந்தேன். எதுவும் குறையவில்லை. வெள்ளைக்கு நடுவே சாம்பலாய் ஓர் உருவம், குடை, தூக்கிய கை. கண், மூக்கு, வாய் எதுவும் அன்றைக்கும் தெரியவில்லை. தூக்கிப் போடக்கூடியதை எல்லாம் பனி முன்பே எடுத்துக்கொண்டிருந்தது. அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

கணவர் தயங்கித் தயங்கி வந்து எட்டிப் பார்த்தார். "மூஞ்சியே தெரியலையே கண்ணு. மாமன்னு எப்படிச் சொல்ற?"

கோபம் மறந்து வாயைத் திறந்தேன்.

"பஸ் நவுந்தப்பறம் எடுத்ததுங்க. அதுக்கப்பறமும் கையை எறக்காம வேற ஆரு நிப்பாங்க?"