நெட் கட்டான நாளில் எடுத்த வாக்குமூலம்

அந்தத் தெருவில் அவளை எல்லோரும் டைப்பிஸ்ட் என்றுதான் சொல்வார்கள். தட்டச்சு எந்திரம் ஒழிந்த பிறகும் பட்டம் ஒழியவில்லை. வக்கீல்களுக்கும் தொழிற்சங்கங்களுக்கும் ஒலிப்பதிவுகளைக் கேட்டு எழுத்தாக்கித் தருவது அவள் தொழில். வீட்டிலிருந்தே செய்வதால் மாமியார் அதை ஒரு வேலை என்று ஒப்புக்கொண்டதில்லை. "காதுல மாட்டிக்கிட்டு பொழுதுக்கும் பாட்டு கேக்குறா" என்பார்.

லேப்டாப் பழசு, அதில் இடம் பத்தாது. அதனால் கூடத்து அலமாரியின் மேல்தட்டில், ரவுட்டருக்குப் பக்கத்தில், வீட்டுக்கே பொதுவாக ஒரு நெட்வொர்க் ஸ்டோரேஜ் பெட்டி வாங்கி வைத்திருந்தாள். கணவனின் போட்டோக்கள், கொழுந்தனின் சினிமாக்கள், இவளுடைய ஒலிப்பதிவுகள் எல்லாம் அதற்குள். போனில் எதைப் பதிவு செய்தாலும் வீட்டு வைஃபை வழியாகத் தானாகப் பெட்டிக்குப் போய்விடும்; போனிலிருந்து அழிந்துவிடும்.

சாயப்பட்டறையில் பாய்லர் வெடித்தபோது உடல் வெந்துபோன தொழிலாளி ஆஸ்பத்திரிப் படுக்கையில் பேசியதையும் தொழிற்சங்கத்துக்காக அப்படித்தான் போனில் பதிவு செய்தாள். வால்வு சரியில்லை என்று மேலாளரிடம் பல தடவை சொன்னதாக அவர் சொல்லியிருந்தார். சொன்ன வாரமே செத்துப்போனார். மேலாளரோ, தன்னிடம் எவனும் எதுவும் சொல்லவில்லை என்று விசாரணையில் அடித்துச் சொல்லிவிட்டார். செத்தவரின் குரலும் அதன் எழுத்துப்படியும் விசாரணை அதிகாரியிடம் போய்ச் சேர்ந்தால்தான் அந்தப் பொய் உடையும். சாட்சியம் கொடுக்க இன்னும் ஒரே நாள்தான் இருந்தது.

பார்த்து அன்றைக்குத்தான் நெட்டை வெட்டினார்கள். தொழிலாளர்கள் சாலையில் உட்கார்ந்துவிட்டார்களாம். அமைதி காக்க ஊர் முழுக்க இணையம் நிறுத்தமாம். ஓட்டைப் பாய்லரை நிறுத்த ஒருவனுக்கும் கை வரவில்லை. நெட்டை நிறுத்த ஒரு கையெழுத்து போதுமாயிருந்தது.

டைப்பிஸ்ட் லேப்டாப்பைத் திறந்தாள். திரையில் பெட்டியைக் காணவில்லை. "நெட் இல்லையே, அதான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு காலைப் பொழுதையெல்லாம் வீணாக்கினாள். அந்தச் சொல்தான் அவளையும் ஏமாற்றியது. அந்த வீட்டில் வைஃபையும் நெட், ரவுட்டரும் நெட், கம்பி வழியாக வெளியிலிருந்து வருவதும் நெட். எல்லாவற்றையும் ஒரே சொல்லில் அடைத்துவைத்தால், ஒன்று போகும்போது எல்லாம் போனதாகத்தானே தோன்றும்?

மதியம் சாப்பிடும்போது தற்செயலாக அண்ணாந்து பார்த்தாள். ரவுட்டரில் ஒரு விளக்குகூட எரியவில்லை.

"ரவுட்டர யாரு ஆஃப் பண்ணது?"

"நான்தான் அண்ணி" என்றான் கொழுந்தன். எரிகிற விளக்கையெல்லாம் தேடித் தேடி அணைப்பதால் வீட்டில் அவனுக்கு மின்சார மந்திரி என்று பேர். "நெட்தான் இல்லையே, எதுக்கு வெட்டியா ஓடணும்?"

"மந்திரியாரே, பெட்டி அங்க இருக்கு, நான் இங்க இருக்கேன். நடுவுல ஒரு சோபா. இதுக்கு எதுக்குப்பா ஊர் நெட்டு?"

"நெட் இல்லாம எப்படி அண்ணி ஃபைல் வரும்?"

"அடுப்படியிலேர்ந்து கூடத்துக்கு ஒரு சொம்புத் தண்ணி கொண்டாரணும்னா தண்ணி லாரி வரணுமா?"

பிளக்கை மாட்டினாள். அப்போதும் பெட்டி தெரியவில்லை. தினமும் அவள் அழுத்தும் ஆப், பெட்டியை விற்ற கம்பெனியின் சர்வரிடம் கேட்டுவிட்டுத்தான் திறக்குமாம். சொந்த வீட்டுக் கதவைத் திறக்க எங்கேயோ இருக்கிற ஒருத்தனுடைய அனுமதி! வீட்டுக்குள்ளேயே பெட்டிக்கு ஓர் எண் முகவரி உண்டு என்பது நினைவுக்கு வந்தது. அதைத் தட்டினாள். பதில் இல்லை. ரவுட்டரை அணைத்துப் போட்டதில் பெட்டிக்கு வேறு எண் விழுந்திருந்தது. லேப்டாப்பில் ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்து, இது டிவி, இது பிரிண்டர் என்று ஒவ்வொன்றாகக் கழித்து, மிஞ்சிய எண்ணைத் தட்டினாள். கோப்புகள் வந்து நின்றன.

"அப்ப நெட் வந்துருச்சு!" என்று மந்திரி ஆசையாகப் போனை எடுத்துப் பார்த்து முகம் சுருங்கினான்.

அவள் ஹெட்போனை மாட்டினாள். "வால்வு அழுவுதுன்னு மேனேஜர்கிட்ட சொன்னேம்மா. சரக்கு போகட்டும், அப்புறம் பாப்போம்னாரு." கசிகிறது என்று அவள் திருத்தவில்லை. அழுவுது என்றே அடித்தாள்.

மறுநாள் எழுத்துப்படியையும் பென் டிரைவையும் விசாரணை அதிகாரியிடம் கொடுத்தாள். பதிவு எங்கே வைக்கப்பட்டிருந்தது, எப்போது எடுத்தது என்று குறிப்பும் எழுதியிருந்தாள். சாயப்பட்டறையின் வக்கீல் அந்த வரியைப் பிடித்துக்கொண்டார்.

"நெட்வொர்க் ஸ்டோரேஜ்லேர்ந்து நேத்து எடுத்ததா இவங்களே எழுதியிருக்காங்க. நேத்து ஊர்ல நெட்டே கிடையாது. ஒண்ணு தடைய மீறியிருக்கணும், இல்ல உக்காந்து ஜோடிச்சிருக்கணும்."

வக்கீலுக்கு உண்மை தெரியும், உதட்டோரச் சிரிப்பில் தெரிந்தது. விசாரணை அதிகாரிக்குத் தெரியாது.

"சார், அது வீட்டுக்குள்ள இருக்குற பெட்டி. வெளி நெட்டுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல."

"நெட் இல்லாம நெட்வொர்க்கா? யாருக்குக் காது குத்துறம்மா?" என்றார் அதிகாரி.

"பெட்டியவே கொண்டாந்து இந்த மேஜையில வச்சுத் திறந்து காட்டுறேன் சார்."

"இங்க என்ன மேஜிக் ஷோவா நடக்குது? தள்ளுபடி."

கொழுந்தனின் அறியாமை ஒரு பிளக்கைப் பிடுங்கியது, மறுபடி மாட்டினால் தீர்ந்தது. அதே அறியாமை நாற்காலியில் உட்கார்ந்தபோது ஒரு மனிதனின் கடைசிப் பேச்சையே பிடுங்கிவிட்டது. பேய் பிசாசை நம்புகிறவர்களைக் கேலி செய்யும் படிப்பாளிகள்தான், வெளியே கம்பி அறுந்தால் வீட்டுப் பெட்டிக்குள் இருப்பதும் ஆவியாகிவிடும் என்று நம்புகிறார்கள்.

"சரி சார். நீங்க சொன்ன காரணத்த அப்படியே எழுதிக் கொடுங்க" என்றாள் டைப்பிஸ்ட். "நெட் இல்லாம வீட்டுப் பெட்டியில ஃபைல் திறக்க முடியாது, அதனால தள்ளுபடின்னு."

வக்கீலின் சிரிப்பு நின்றது. "சார், காரணமெல்லாம் விரிவா எதுக்கு..."

"எனக்கே பாடம் எடுக்குறீங்களா?" என்று அதிகாரி முறைத்தார். பேனாவை எடுத்து நிறுத்தி நிதானமாக எழுதினார். முத்திரையும் குத்தினார்.

வாசலில் செத்தவரின் மனைவி நின்றுகொண்டிருந்தாள். "ஏத்துக்கிட்டாங்களாக்கா?"

"இல்லம்மா. மேல அப்பீல் போகணும். இந்தத் தாள வச்சே இத உடைச்சிரலாம்."

"எத்தன நாளாகும்?"

"வருஷக்கணக்குல ஆகும்" என்றாள். பொய் சொல்ல மனம் வரவில்லை.

"பட்டறை?"

"ஓடுது. வேற பாய்லர் மாட்டி, வெளியாளுங்கள வச்சு ஓட்டுறாங்களாம். மேனேஜர் அவரேதான்."

அந்தப் பெண் தாளை வாங்கி முத்திரையைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். "அப்ப அந்தப் பாய்லர் பக்கத்துல இப்ப யாருக்கா நிக்கிறா?"

டைப்பிஸ்டுக்குத் தெரியவில்லை.